குவார்ட்டர்ஸ் வீடும் கைப்பேசி ஆட்டமும்



செந்தூல் என்றதும் பழைய தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது ரயில்வே பட்டறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தப் பட்டறையில் தமிழர்கள் பெருந்தொகையில் வேலை செய்தார்கள். அவர்கள் குடியிருக்க ரயில்வே நிர்வாகம் வீடு கொடுத்தது. அதைத்தான் 'குவார்ட்டர்ஸ்' என்று சொன்னோம். அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவர் தொழிலாளி. வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டவர் தொழிலாளியின் மனைவி. பிள்ளைகள் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். ஆனாலும் வேலை முடிந்த நாளில் சாவியை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். அடித்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டு போக முடியுமா? நட்ட மரத்தைத்தான் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா?

கைப்பேசி ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்தவர் குவார்ட்டர்ஸைப் பற்றிப் பேசுகிறாரே என்று நீங்கள் எண்ணலாம். காரணம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் எங்கள் அடுக்குமாடியின் அடுத்த புளோக்கிலிருந்து ஒரு தாயார் தம் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையனுக்குப் பதினாறு வயது. "சார், இவனுக்கு என்னமோ ஆங்கிலத்தில் கடிதம் வந்திருக்கு. சாப்பிடவும் மாட்டேங்கிறான், தூங்கவும் மாட்டேங்கிறான். கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம் என்று இணையத்தில் மோதும் ஆட்டம் ஒன்று. விதியை மீறியதால் அவனுடைய கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது என்று நான்கே வரியில் எழுதியிருந்தது. எந்த விதி, எந்த நாள், எந்த ஆட்டம் என்ற விவரம் இல்லை.

"என்ன தம்பி செய்தாய்?" என்று கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை என்றான். தாயார் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் உண்மையைச் சொன்னான். காசு கொடுத்து வாங்க வேண்டிய 'ஸ்கின்' எனப்படும் அலங்கார உடைகளை இலவசமாகக் காட்டும் ஒரு கோப்பை எங்கிருந்தோ இறக்கிக் கைப்பேசியில் போட்டிருக்கிறான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சார், நான் காசு கொடுத்து வாங்கினதும் அதுக்குள்ள இருக்கு. அறுநூறு வெள்ளிக்கு மேல. அதையாவது திருப்பிக் கொடுப்பாங்களா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய உரை அதற்கான பதில்தான்.

முதலில் இந்த ஆட்டங்கள் எப்படிப் பணம் ஈட்டுகின்றன என்று பார்ப்போம். பெரும்பாலான போட்டி ஆட்டங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பணம் உள்ளே இருக்கும் கடையில் வருகிறது. வீரனுக்குப் புதிய உடை, துப்பாக்கிக்குப் புதிய வண்ணம், வெற்றி பெற்றதும் ஆடும் ஒரு நடனம் என்று பலவும் அங்கே விற்பனைக்கு இருக்கின்றன. பல ஆட்டங்களில் அவற்றை நேரே வெள்ளி கொடுத்து வாங்க முடியாது. முதலில் வெள்ளியைக் கொடுத்து 'டைமண்ட்' போன்ற ஆட்டக் காசாக மாற்ற வேண்டும். இந்த மாற்றத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஐம்பது வெள்ளி என்றால் பிள்ளை யோசிப்பான். இத்தனை டைமண்ட் என்றால் யோசிக்க மாட்டான்.

அடுத்தது பெட்டி. காசு கொடுத்துப் பெட்டியைத் திறக்கலாம், உள்ளே என்ன இருக்கும் என்பது மட்டும் திறந்த பிறகே தெரியும். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'கவுண்டர் ஸ்டிரைக்' ஆட்டத்தில் 2013ஆம் ஆண்டு இத்தகைய பெட்டிகளைக் கொண்டு வந்தது. பெட்டியைத் திறக்கும் சாவிக்கு 2.49 அமெரிக்க டாலர். உள்ளே கிடைக்கும் பொருள்களில் மிக அரியது கத்தி. அது கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது பல ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. வாய்ப்பு விகிதத்தை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற சீன அரசின் விதி 2017ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. அப்போதுதான் உண்மை தெரிந்தது: 0.26 விழுக்காடு. பத்தாயிரம் பெட்டிகளைத் திறந்தால் சுமார் இருபத்தாறில் கத்தி இருக்கும். மற்றவற்றில் பெரும்பாலானவை சாவிக்குக் கொடுத்த விலைக்கும் பெறாதவை. 2018ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் சில ஆட்டங்களின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். பாண்டவர்கள் நாட்டை இழந்தது தாயக்கட்டத்தில்தான். நமக்குச் சூது புதிதல்ல. அது குழந்தையின் கையில் பொம்மைபோல் வந்து அமர்வதுதான் புதிது.

இனித் தடைக்கு வருவோம். ஆட்டக்காரரை வெளியேற்றுவது நிறுவனத்தின் கொடுமையா? இல்லை. ஓர் ஆட்டத்தில் ஒருவன் சுவருக்கு அப்பால் இருப்பதைப் பார்க்கும் நிரலைப் போட்டுக்கொண்டு ஆடினால் மற்ற ஒன்பது பேருக்கும் அந்த ஆட்டம் வீண். அவர்கள் சில நாளில் வேறிடம் போய்விடுவார்கள். ஆட்டக்காரர் போனால் கடையும் படுத்துவிடும். ஆகவே தடை என்பது நேர்மையாக ஆடுபவனுக்கும் காவல், நிறுவனத்தின் வருமானத்துக்கும் காவல்.

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஷாங்காய் நகரில் நடந்த ஒரு கவுண்டர் ஸ்டிரைக் போட்டியில் இந்தியாவிலிருந்து ஒரு குழு கலந்துகொண்டது. ஆட்டத்தின் நடுவே நடுவர்கள் ஓர் இளைஞரின் கணினியைச் சோதித்தார்கள். குறி தானாகச் சரிசெய்துகொள்ள உதவும் கள்ள நிரல் ஒன்று அதில் இருந்தது. கடிதம் தட்டச்சு செய்யும் நிரலைப்போல 'வேர்ட்' என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தார். குழு அன்றே போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அதை நடத்திய நிறுவனம் குழுவையே கலைத்துவிட்டது. அந்த இளைஞருக்கு ஐந்தாண்டுத் தடை கிடைத்தது. தவறேதும் செய்யாத நான்கு தோழர்களும் ஒரே நாளில் வேலையை இழந்தார்கள்.

இது அடுத்த வீட்டுக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. 'டோட்டா 2' ஆட்டத்தில் மலேசியர்கள் பெயர் பெற்றவர்கள். 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்சு குழு மூன்றாம் இடம் பெற்றது. அந்த ஆண்டுதான் பரிசுத் தொகைக்குப் புதுவழி ஒன்றைக் கண்டார்கள். ரசிகர்கள் பத்து டாலர் கொடுத்து ஒரு மின்னிதழை வாங்கினால் அதில் கால் பங்கு பரிசுத் தொகையில் சேரும். இப்படிச் சேர்ந்த பரிசு 2021ஆம் ஆண்டு நான்கு கோடி டாலரைத் தாண்டியது. 2023ஆம் ஆண்டு அது ஏறத்தாழ முப்பத்திரண்டு லட்சம் டாலருக்கு இறங்கிவிட்டது. உச்சியில் நிற்கும் ஆட்டக்காரருக்குப் போகும் பரிசில் பெரும்பகுதி, கீழே இருக்கும் பிள்ளைகள் கொடுத்த சில்லறைதான் என்பது இதிலிருந்து விளங்கும்.

2014ஆம் ஆண்டு ஏரோ கேமிங் என்ற இன்னொரு மலேசியக் குழு தென்கிழக்காசியத் தகுதிச் சுற்றில் வென்று அதே சியாட்டில் மேடைக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபர் மாதம், வேறொரு போட்டியில் பந்தயத்துக்காக வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இருவர் ஒப்புக்கொண்டார்கள். சில நாளில் குழு கலைந்தது. உலக மேடையில் நின்று மூன்று மாதம்கூட நிறைந்திருக்குமோ என்னவோ, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. அங்கே பந்தயம் கட்டப்பட்டது பணத்தால் அல்ல, ஆட்டப் பொருள்களால். நான் சற்றுமுன் சொன்ன வண்ணத் துப்பாக்கியும் கத்தியும்தான் பணயம். கைமாறிய பொருள்களின் மதிப்பு சுமார் ஏழாயிரம் டாலர். 2015ஆம் ஆண்டு ஜனவரியில் வால்வ் நிறுவனம் ஏழு பேருக்குத் தன் போட்டிகளில் தடை விதித்தது. மறு ஆண்டு, அது நிரந்தரத் தடை என்று அறிவித்தது. கடையில் விற்ற அலங்காரப் பொருளே பந்தயக் காசாகி, அந்தக் காசே ஆட்டக்காரரைக் கவிழ்த்தது. விற்பனையும் தடையும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு 1994ஆம் ஆண்டு மலேசியக் காற்பந்தை உலுக்கிய சூதாட்ட ஊழல் மறந்திருக்காது. அப்போதும் ஆட்டக்காரர்கள் தடை செய்யப்பட்டார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். காற்பந்து எந்தக் கம்பெனிக்கும் சொந்தமல்ல. சங்கம் தடை விதித்தாலும் மாலையில் திடலுக்குப் போய் நண்பர்களோடு பந்து உதைப்பதை யாரும் தடுக்க முடியாது. காசு கொடுத்து வாங்கிய காலணியை யாரும் பறிக்கவும் முடியாது. இணைய ஆட்டத்தில் திடல், பந்து, காலணி, விதிப்புத்தகம், நடுவர், கடை ஆகிய எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில். விற்பவரே தீர்ப்பும் சொல்கிறார். தீர்ப்போடு வாங்கிய பொருளும் போய்விடுகிறது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஃபோர்ட்நைட் ஆட்டத்தை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின்மீது அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் நடவடிக்கை எடுத்தது. ஒரே ஒரு பொத்தானைத் தவறுதலாக அழுத்தினாலும் காசு போய்விடும்படி கடையை அமைத்திருந்தார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. பெற்றோரின் அனுமதியின்றிப் பிள்ளைகள் வாங்க முடிந்தது என்பது மற்றொன்று. மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். நான் கொடுக்காத காசை எடுத்துவிட்டார்கள் என்று கடன் அட்டை நிறுவனத்திடம் முறையிட்டவர்களின் ஆட்டக் கணக்கை முடக்கினார்கள். அதற்குள் அவர்கள் முறையாக வாங்கியிருந்த பொருள்களும் முடங்கின என்று ஆணையம் குற்றம் சாட்டியது. கள்ளம் செய்தவனை அல்ல, கேள்வி கேட்டவனைத் தண்டிக்கத் தடை பயன்பட்டது என்பதே அதன் பொருள். நிறுவனம் 245 மில்லியன் டாலரை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அனுமதியற்ற கட்டணத்தை மறுத்தவரின் கணக்கை முடக்கக் கூடாது என்றும் ஆணை பிறந்தது.

அப்படியானால் தடையே கூடாதா? கூடும். ஆனால் முறையான தடைக்கு நான்கு இலக்கணம் வேண்டும். குற்றம் என்ன என்று சொல்ல வேண்டும். தண்டனை குற்றத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும். வேறொருவரிடம் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும். பணத் தகராறும் ஒழுக்கத் தகராறும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. இது முடியாத காரியமன்று. 2016ஆம் ஆண்டு உருவான இணைய விளையாட்டு நேர்மை ஆணையம் 2020ஆம் ஆண்டு கவுண்டர் ஸ்டிரைக் பயிற்றுநர் 37 பேரைத் தண்டித்தது. ஆட்டத்தில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தி எதிரணியின் நடமாட்டத்தை அவர்கள் பார்த்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தண்டனை விதிக்கவில்லை. எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று கணக்கிட்டுச் சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஆண்டுக் கணக்கு என்று பிரித்தது. தாமே முன்வந்து ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனையைக் குறைத்தது. மேல்மட்டப் போட்டியாளருக்குக் கிடைக்கும் இந்த விசாரணை, செந்தூல் பையனுக்குக் கிடைப்பதில்லை. அவனுக்குக் கிடைப்பது நான்கு வரி.

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன். அறுநூறு வெள்ளி திரும்பி வருமா? பெரும்பாலும் வராது. ஏனென்றால் அவன் எதையும் வாங்கவில்லை. ஆட்டத்தைத் தொடங்கும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினானே, அந்த நீண்ட ஒப்பந்தத்தில் இந்தப் பொருள்கள் உனக்குச் சொந்தமல்ல, பயன்படுத்த அனுமதி மட்டுமே என்று பொதுவாக எழுதியிருக்கும். குவார்ட்டர்ஸ் வீடும் இப்படித்தான். அடித்த சுண்ணாம்பு நம்முடையது, சுவர் அவர்களுடையது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரயில்வே தொழிலாளிக்கு அது சொந்த வீடல்ல என்று குடியேறும் நாளிலேயே தெரியும். வெளியேற்றினால் பேசுவதற்கு அவனுக்குச் சங்கமும் இருந்தது. நம் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. 'வாங்கு' என்று எழுதிய பொத்தானைத்தான் அவன் அழுத்துகிறான். இதை உணர்ந்துதான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் செய்தது. வெறும் உரிமத்தை விற்பவர், அது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அது நடப்புக்கு வந்தது. நம் நாட்டிலும் பயனீட்டாளர் சங்கங்கள் கேட்க வேண்டிய ஒரு சட்டம் இது.

சட்டம் வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பெற்றோரே, சில காரியங்களை இன்றே செய்யலாம்.

கைப்பேசியில் காசு செலுத்தும் இடத்துக்கு மறைச்சொல் போடுங்கள். அந்தச் சொல் உங்களிடம் இருக்கட்டும். நம் நாட்டில் 18 வயது நிறைந்தவரே சட்டப்படி பெரியவர். அதற்குக் குறைந்த பிள்ளையின் செலவுக்கு நீங்களே பொறுப்பு. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு வையுங்கள். அந்தத் தொகையைச் சினிமாவுக்குப் போன காசுபோலக் கருதும்படி பிள்ளைக்குச் சொல்லுங்கள். போனது போனதுதான், சேமிப்பல்ல. ரசீதுகளை அழிக்காதீர்கள். கணக்கை விலைக்கு வாங்கவோ விற்கவோ, நண்பனுக்கு இரவல் தரவோ விடாதீர்கள். இலவசமாக உடை தரும் கோப்பு, மலிவு விலை டாப்-அப் என்று யார் சொன்னாலும் கிட்டே போக வேண்டாம். தடைகளில் பல இங்கிருந்துதான் பிறக்கின்றன. டாப்-அப் விற்ற உள்ளூர்க்காரர் ஏமாற்றினால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. ஐம்பதாயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை ஆடுவதை வெறும் வீண்பொழுது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு மொபைல் லெஜெண்ட்ஸ் ஆட்டத்தின் முதல் உலகப் போட்டி நடந்தது நம் புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கில்தான். 2024ஆம் ஆண்டு ஜூலையில் ரியாத் நகரில் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் குழு அதே ஆட்டத்தின் கோப்பையை வென்று பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு பெற்றது. கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு அது ஒரு கனவு. கனவு பெரிதாக இருப்பதால்தான் கறை படிந்த கணக்கும் பெரிய இழப்பு. எதையோ சின்னதாகத் திருட்டுத்தனம் செய்கிறோம் என்று பிள்ளை நினைக்கிறான். அது அவன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பையனும் நானும் உட்கார்ந்து நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். தவறை மறைக்கவில்லை. செய்தது இது, முதல் தடவை, நிரந்தரத் தடையைக் காலவரம்புள்ள தடையாக மாற்ற முடியுமா என்று கேட்டோம். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. முடிவில் மாற்றமில்லை என்று இரண்டு வரி. அவன் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நாலு வரி ரெண்டு வரியாயிருச்சு சார்" என்றான்.

இப்போது புதிய கணக்கில் அடிமட்டத்திலிருந்து ஆடுகிறான். உடை எதுவும் வாங்கவில்லை. போன வாரம் மின்தூக்கியில் பார்த்தபோது, "சார், சும்மா கிடைக்கிற உடையிலயும் ஜெயிக்கலாம்" என்று சொன்னான். தாயாரிடம் கேட்டேன். மறைச்சொல் தம்மிடம்தான் இருக்கிறது என்றார்.

உங்கள் வீட்டில் ஆடும் பிள்ளை இருந்தால் இன்றிரவு அவன் அருகில் சற்று உட்காருங்கள். திட்டுவதற்காக அல்ல. "இதில் எது உனக்குச் சொந்தம் என்று எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். அவனும் நீங்களும் சேர்ந்து அந்த ஒப்பந்தத்தைத் தேடிப் படியுங்கள். சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு குடியேறுவது நல்லது.